இருமச் சொல்லிக் கிள்ளை வரை

போக வேண்டியவர்கள் மூன்று பேர். போனது நானும் ஸ்டீபன் அண்ணனும். டாக்டர் வரவில்லை. கிளம்புகிற அன்று காலையில் அவருடைய மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் போங்க. கை வச்சுப் பாக்க ஸ்டீபனுக்குத் தெரியும், எழுத உனக்குத் தெரியும்" என்று போனில் சொன்னார். எழுத எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னதும் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குடலிறக்கம் என்றால் அடிவயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தில் ஓட்டை விழுந்து, குடல் அதன் வழியாக வெளியே புடைப்பது. ஓட்டைக்கு உள்ளே ஒரு மெல்லிய வலையை வைத்துத் தைப்பார்கள். தைத்த பிறகு எத்தனை பேருக்கு அது திரும்ப வருகிறது என்று எண்ணுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. மூன்று வருடத்துக்கு முன்பு டாக்டர் கடலூர் பக்கம் முகாம் போட்டு, தேவைப்பட்டவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஆபரேஷன் செய்தார். போன ஆடியில் அவர்கள் எல்லோருக்கும் நான் போன் செய்தேன். ஃபார்மில் ஒரு கேள்வி, இரண்டு கட்டம். மீண்டும் வந்துள்ளதா? ஆம், இல்லை.

எல்லாக் காகிதத்திலும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. டாக்டர் ஃபார்ம் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "குமரேசா, நான் அவ்ளோ நல்ல சர்ஜன் கிடையாது. நேர்ல போயி ஒவ்வொருத்தரையும் நிக்கவச்சு இருமச் சொல்லிப் பாக்கணும்" என்றார். முதல் சுற்றுக்கு மூன்று பேரை எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கட்டுக்குள் ஒரு காகிதம் பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் இருக்கிற சாகுல் அமீதுடையது. அவர் போனில், "நல்லா இருக்கேன் தம்பி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருமினா மட்டும் ஆபரேஷன் பண்ண எடத்துல ஒரு கட்டி மாதிரி..." என்று ஆரம்பித்தார். நடுவில் யாரோ பேசுகிற சத்தம். உடனே குரல் பெரிதாகிவிட்டது. "ஒண்ணுமில்ல தம்பி, சூப்பரா இருக்கேன், அப்படியே எழுதிக்கோங்க." நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஏன் எழுதினாய் என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே பதில். ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஏழாவது படிக்கும்போதிலிருந்து எங்கள் தெருவுக்கே ஃபார்ம் நிரப்பியிருக்கிறேன். ரேஷன் கார்டு, பயிர்க்கடன், முதியோர் பென்ஷன். அதிலெல்லாம் எதைப் போட்டால் தாசில்தார் ஆபீஸில் திருப்பி அனுப்பமாட்டார்களோ அதைத்தான் போடுவோம். உண்மை என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே ஒரு காகிதம் கேள்வி கேட்கும் என்பது எனக்கு அப்போது புத்தியில் ஏறவில்லை. இப்போது சாகுலின் நம்பருக்குப் போட்டால் சுவிட்ச் ஆஃப். ஒரு வாரமாகச் சுவிட்ச் ஆஃப். அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது.

முதல் நாள் கடலூர். தை மாதம், ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் தை என்றால் காலையில் பல் தந்தி அடிக்கும். இங்கே காற்றிலேயே உப்பு. ஸ்டீபன் அண்ணன் இருபது வருடமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருப்பவர். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சாப்பாட்டுக் கடையைத்தான் பார்ப்பார். மத்தியானம் மீன் குழம்பும் வறுத்த சங்கராவும். அவர் முள்ளைக்கூட விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாடா, மீன் புடிக்கலையா?"

"புடிக்கும்ணா. பசி இல்ல."

"அப்ப அந்தத் துண்டை இப்படித் தள்ளு."

மஞ்சக்குப்பத்தில், பெரிய மைதானத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் தணிகாசலம் சார் வீடு. அரசாங்க ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்காகச் சலவை வேட்டி கட்டி, விபூதி பூசிக் காத்திருந்தார். ஸ்டீபன் அண்ணன் அவரை உள்ளறையில் நிறுத்தி, தழும்பின் மேல் விரல் வைத்து, "இருமுங்க சார்" என்றார். மனிதர் நாகரிகமாக, கச்சேரிக்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்கிறவர் போல இருமினார். அதற்கே எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது.

"சார், போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே?" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"ஆமா தம்பி. டாக்டரு அவ்ளோ தூரத்துலருந்து ஞாபகம் வச்சு போன் போடச் சொல்லியிருக்காரு. அவரு கைவேலையப் போயி சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா? நல்லாவா இருக்கும்?"

"இது எப்பருந்து சார்?"

"அது கெடக்கு, தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலருந்து. தொந்தரவு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. காபி சாப்புடுங்க."

வெளியே வந்து சென்னைக்கு வரச்சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தோம். ஸ்டீபன் அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். நான் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன், எதுவும் கண்ணில் படவில்லை. மரியாதைக்காகச் சொன்ன இந்தப் பொய் எனக்கு அன்று தெரியாது, அதனால் பழி என் மேல் இல்லை. சாகுல் விஷயம் அப்படியில்லை. அவர் வாயைத் திறந்தார், நான் கட்டத்தை மூடினேன்.

இரண்டாம் நாள் காலை நெல்லிக்குப்பம். அரைமணி நேரத்தில் போகவேண்டிய டவுன் பஸ், கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. ஒரு இடத்தில் டிரெய்லர் ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்து, பாதிக் கரும்பு ரோட்டில் கொட்டிவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் கோபப்படவில்லை. கண்டக்டர் முதல் ஆளாக இறங்கி ஒரு கழியை முழங்காலில் வைத்து ஒடித்தார். பள்ளிக்கூடப் பெண்கள் ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். ஊர் நெருங்கியதும் காற்றில் பாகு காய்ச்சுகிற வாடை கனமாக வந்தது.

அங்கே பார்க்க வேண்டியவர் வீரமுத்து, கரும்புக்கட்டு சுமக்கிறவர். எனக்கு இவர் மேல் நம்பிக்கையே இல்லை. ஆனால் அவர் இருமிய இருமலில் கூரையில் இருந்த காக்கா பறந்தது. தழும்பு அசையவில்லை.

"இன்னொரு தடவை," என்றார் ஸ்டீபன் அண்ணன். அதற்கும் அசையாததும், "வலை நல்லா வேல செய்யுது" என்றார்.

வாசலில் நின்ற அவர் மனைவி, "இருமறதுக்கு இவுரு கிட்ட சொல்லணுமா? பீடிக்குப் பொறந்தவரு. விடிய விடிய அதான பண்றாரு" என்றாள்.

"பாத்தியா, டாக்டரே வேல செய்யுதுங்கறாரு. நீதான் என்னக் கொற சொல்ற" என்றார் வீரமுத்து. கூடியிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் நான் சிரித்தது அது ஒன்றுதான். 'இல்லை' என்ற கட்டத்தில் தயங்காமல் டிக் போட்டதும் அங்கேதான்.

சாயங்காலம் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் களிக்குக் கடைகிற கத்தரிக்காய்க்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் இருக்கும் போலிருந்தது. புளிப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். இரண்டாவது இட்லியில் கை நின்றுவிட்டது. ஸ்டீபன் அண்ணனிடம் சாகுல் விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கட்டி மாதிரின்னு அவர் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னாருண்ணா."

"திரும்பக் கேட்டியா?"

"இல்லண்ணா."

"உள்ள தள்ளினா போற வரைக்கும் பயம் இல்ல. போகாம மாட்டிக்கிச்சுன்னா குடலுக்கு ரத்தம் நின்னுடும். அப்புறம் மணிக்கணக்குதான்." தட்டை என் பக்கம் நகர்த்தி, "காலையில முதல் பஸ்ஸுக்குப் போலாம். இட்லியத் தின்னு" என்றார்.

மூன்றாம் நாள். பிச்சாவரம் போகிற பஸ்ஸில் படகு பார்க்கப் போகிற கூட்டம். தொப்பி போட்ட குடும்பங்கள், செல்பி எடுக்கிற புதுமாப்பிள்ளைகள். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் டயர் போனது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இல்லை. வருகிற வண்டியையெல்லாம் டிரைவர் கைகாட்டி நிறுத்தி ஜாக்கி கேட்டார். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் ஐஸ் ஏற்றிப் போன ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏறிக்கொண்டோம். கிள்ளையில் இறங்கும்போது என் பேண்ட் பின்பக்கம் முழுக்க ஈரம்.

"சாகுல் பாய் வீடா? நாளன்னைக்கு மஸ்கட்டு போறாரே, அவருதான?" என்று ஒரு மளிகைக்கடைக்காரர் வழி காட்டினார். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி பத்து அடி தூரம்கூட நிலைக்கவில்லை. மஸ்கட்டா?

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். கூடத்தில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வாய் திறந்து கிடந்தது. சுற்றிலும் மிளகாய்த்தூள், ஊறுகாய் பாட்டில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிச் சுற்றிக் கட்டிய சென்னாக்குனி, அந்தப் பொடி இறால் கருவாடு. எங்களை யாரென்று சொன்னதும் சாகுலின் முகம் மாறியது. நாற்பது வயதிருக்கும், ஒல்லி. "செக்கப்புக்கு வந்திருக்காங்க, ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எங்களை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

கைலியைத் தளர்த்தினார். உள்ளே ஒரு பழைய புடவைத் துணியை நான்காக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்ததும், இருமச் சொல்லவே தேவைப்படவில்லை. முட்டை அளவு. படுக்கவைத்து ஸ்டீபன் அண்ணன் மெல்ல அமுக்கினார். உள்ளே போனது.

"விசா மெடிக்கல்ல எப்படி பாய் பாஸ் பண்ணுனீங்க?" என்றார் அண்ணன்.

"படுக்கவச்சுதான் பாத்தாங்க. படுத்தா போயிடும்ல."

"அங்க என்ன வேல?"

"குடோன்ல. லோடு."

ஸ்டீபன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேட்டேன், "பாய், போன்ல அன்னைக்கி சொல்ல வந்தீங்க. ஏன் நிறுத்திட்டீங்க?"

"அந்த நம்பரு என் மச்சான் அப்பாஸோடது தம்பி. என் வீட்டுக்காரி தம்பி. அவன் மீன் கடையில வச்சிதான் பேசுனேன். விசாவுக்கு ஏஜெண்ட் புடிச்சது அவன்தான். பேசிகிட்டு இருக்கப்ப பக்கத்துல வந்து நின்னுட்டான். இப்ப அந்த சிம்மையும் மாத்திட்டான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளன்னைக்கு ஃப்ளைட்டு. ரெண்டு வருஷம் போயிட்டு வந்து பாத்துக்கறேன், இன்ஷா அல்லாஹ். நீங்க முன்ன எழுதுனதையே வச்சிக்கோங்க."

"மாத்தியே ஆகணும் பாய். அதோட, நீங்க போகவும் கூடாது. இது மாட்டிகிட்டா உசுருக்கே..." என்றேன்.

"மாத்திக்கோங்க. சத்தமில்லாம மாத்துங்க. வெளிய ஒருத்தரு காதுலயும் உழக்கூடாது. என் வீட்டுக்காரி நூர்ஜஹானுக்கே தெரியாது."

நோயாளி அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. எப்படி அவரை நிறுத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. "மச்சான், வாங்க. பெட்டிய எடை போட்டுடலாம்."

அப்பாஸ் தன் மீன் கடையிலிருந்து கொக்கித் தராசு கொண்டுவந்து உத்தரத்து வளையத்தில் மாட்டியிருந்தார். பெட்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டவேண்டும். முப்பது கிலோவுக்கு மேல் போனால் ஏர்போர்ட்டில் பிரிக்கச் சொல்வார்களாம். ஸ்டீபன் அண்ணன் முன்னால் போய், "நான் தூக்கறேன் பாய்" என்றார்.

"விருந்தாளியத் தூக்க உட்ருவோமா?" அப்பாஸ் சிரித்தார். "மச்சான் அங்க போயி அம்பது கிலோ மூட்ட தூக்கப் போறாரு. இந்தப் பொட்டியத் தூக்க மாட்டாராமா?"

பெண்கள் சிரித்தார்கள். சாகுல் தூக்கினார். முப்பத்து மூன்று. இறக்கி, ஊறுகாய் பாட்டில் ஒன்றை எடுத்தார்கள். மறுபடி தூக்கினார். முப்பத்து ஒன்றரை. நூர்ஜஹான் அக்கா மனசில்லாமல் சென்னாக்குனிப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்து வைத்தார். எனக்கு வாயில் வார்த்தை வந்து நின்றது. "போதும்" என்று நான் சொல்லியும்விட்டேன். "இன்னும் ஒண்ணரை இருக்கு தம்பி" என்றார் அப்பாஸ், நான் எடையைச் சொல்கிறேன் என்று நினைத்து. மூன்றாவது முறை பெட்டி நெஞ்சளவுக்கு உயர்ந்தது. சாகுல் அதைக் கொக்கியில் மாட்டவில்லை. கீழேயும் வைக்கவில்லை, விட்டுவிட்டார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஸ்டீபன் அண்ணன் படுக்கவைத்தார், காலை மடக்கவைத்தார், ஒருமுறை மெல்லத் தொட்டுப் பார்த்தார். கல் போல இருந்தது. "அமுக்கக் கூடாது. ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கக் கூடாது. வண்டி யாருட்ட இருக்கு?"

அப்பாஸின் மீன் வண்டி வாசலில்தான் நின்றது. பாய் விரித்து அதில் படுக்கவைத்தோம். சிதம்பரம் வரை நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் பல்லைக் கடித்தார். நூர்ஜஹான் அக்கா ஓதிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் வந்து போகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எங்கள் குலசாமியை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. அதன் பிறகு ஆஸ்பத்திரி, ஸ்ட்ரெச்சர், கையெழுத்து. மத்தியானம் ஒரு மணிக்குள் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

வராண்டாவில் உட்கார்ந்தேன். அப்பாஸ் என்னிடம் வந்து, "எனக்குத் தெரிஞ்சிருந்தா தூக்க உடுவனா சார்? நான் என்ன கசாப்புக்காரனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஸ்டீபன் அண்ணன்தான் அவரை டீ குடிக்க அழைத்துப் போனார். அப்போது நூர்ஜஹான் அக்கா என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஆடியில போன் பண்ணப்ப கட்டி மாதிரி இருக்குன்னு ஆரம்பிச்சாருக்கா. நான் திரும்பக் கேக்கல. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன்."

அவர் சத்தம் போடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விரலை மடக்கினார். ஆடி, ஆவணி, புரட்டாசி. "அப்பவே சொல்லியிருந்தா மழைக்கு முன்னாடியே தெச்சிருப்பாங்க. இந்நேரம் ஆறி, எழுந்து நடமாடி, நாளன்னைக்கு ஃப்ளைட்டு ஏறியிருப்பாரு. இல்லையா?"

"ஆமாக்கா. எங்க டாக்டரு கூப்ட்டு இனாமாவே செஞ்சிருப்பாரு."

"அவரும் வாயத் தொறக்கல. நீங்களும் கேக்கல." எழுந்து தியேட்டர் கதவுக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள், குடல் நிறம் மாறவில்லை, வெட்ட வேண்டியிருக்கவில்லை என்றார் அங்கிருந்த சர்ஜன். மூன்று மாதத்துக்கு எடை தூக்கக்கூடாது. அப்பாஸ் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகையும் வரவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

டாக்டருக்குப் போன் போட்டு ஆடி மாதத்திலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "பழசை அழிக்காத. தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல 'ஆம்'னு எழுது. உன் கையெழுத்து, இன்னைக்குத் தேதி. மத்தத நேர்ல பேசிக்கலாம்" என்றார். ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடையில் ஃபைலை வைத்து, அப்படியே செய்தேன்.

'ஆம்' என்றால் அதனோடு இணைக்கவேண்டிய காகிதம் ஒன்று உண்டு. தணிகாசலம் சாருடையதைக்கூடச் சென்னைக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், அதுவரை நான் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. அதன் கடைசிக் கேள்வி, திரும்ப வந்ததால் குடும்பத்துக்கு ஆன மொத்தச் செலவு. மறுநாள் காலையில் வார்டுக்குப் போனேன். சாகுல் தூங்கிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆபரேஷனுக்குக் காசு வாங்கவில்லை என்றார். ஏஜெண்டுக்குக் கொடுத்தது எண்பத்தைந்தாயிரம், அது திரும்பாது. டிக்கெட்டை ரத்து செய்ததில் போனது பதினொன்றாயிரத்து இருநூறு. மெடிக்கலுக்கும் சென்னைக்குப் போய்வந்ததற்கும் ஆறாயிரத்து முந்நூறு. "வண்டி டீசல எழுதாதீங்க" என்று கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து அப்பாஸ் சொன்னார்.

எழுதி முடித்ததும் அக்கா கையை நீட்டிக் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். "எனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதத்தான எழுதியிருக்கீங்க? வாசிங்க."

வாசித்தேன். "மொத்தம், ஒரு லட்சத்து இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்."